அளக்கிறவருக்கு அரசு தரும் பரிசு

திருப்பருத்திக்குன்றத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நீதிக்கும் சட்டத்துக்கும் தொண்டாற்றியவர்களுக்கு அரசு தரும் விருதுகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பேசுவதற்கு ஜினகாஞ்சி எனப்படும் இந்தத் திருப்பருத்திக்குன்றத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. இங்குள்ள திரைலோக்கியநாதர் சமணக் கோயிலுக்குள் ஒரு குரா மரம் இருக்கிறது. உங்களில் பலர் சிறு வயதில் அதன் நிழலில் விளையாடியிருப்பீர்கள். அதைப் பற்றிய வெண்பா ஒன்று கோயிலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரம் தன் அளவில் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. அரசனின் செங்கோல் நேராக இருக்கிறதா என்பதை அது காட்டிக்கொண்டு நிற்கும் என்பது அந்தப் பாட்டின் கருத்து. தருமக் குரா என்றே அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையில் யார் யாரை அளக்கிறார் என்று பாருங்கள். மரம் நின்று அரசனை அளக்கிறது. நீதிமன்றத்தின் வேலையும் அதுதான். ஓர் ஏழை மனிதர் ஒரு பக்கமும், கோட்டையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் மறுபக்கமும் நிற்கும்போது, எந்தப் பக்கம் நியாயம் என்று அளந்து சொல்லத்தான் அது இருக்கிறது. அப்படியானால், அளக்கப்படுகிறவர் அளக்கிறவருக்குப் பரிசு கொடுக்கலாமா? இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் ஏன் கொடுக்கிறோம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்று நீதிபதியிடம் எதிர்பார்க்கிற நாம், அந்த நீதிபதிக்கு விருது தருகிற அரசிடமும் காரணம் எதிர்பார்க்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் முதல் இந்திய நீதிபதி திருவாரூர் முத்துசாமி ஐயர். 1893-ல் அவருக்கு ஆங்கில அரசு கே.சி.ஐ.இ. பட்டம் கொடுத்தது, 'சர்' ஆனார். அவருக்குப் பின் வந்த மதுரை சுப்பிரமணிய ஐயர், ஊரெல்லாம் மணி ஐயர் என்று அழைத்தவர், 1907 வரை நீதிபதியாக இருந்தார். மூன்று முறை தலைமை நீதிபதியின் பொறுப்பையும் பார்த்தார். 1900-ல் அவருக்கும் அதே பட்டம் வந்தது. திவான் பகதூர் பட்டமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வழக்கறிஞருக்கு இதற்கு மேல் ஏற வேறு படி கிடையாது.

1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு காவலில் வைத்தது. அம்மையாரோடு ஹோம் ரூல் இயக்கத்தில் நின்றவர் மணி ஐயர். வயது எழுபதைக் கடந்திருந்தது. அம்மாதம் 24ஆம் தேதி அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவை ஆங்கிலேயர் எப்படி ஆள்கிறார்கள் என்பதை உலகத்தின் முன் வைத்தார். அஞ்சலில் போட்டால் போய்ச் சேராது என்பதால் அமெரிக்க நண்பர்கள் கையில் கொடுத்தனுப்பினார். கடிதம் வெளியானதும் இந்தியச் செயலர் மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் அவரைக் கடிந்துகொண்டார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. முன்னாள் நீதிபதி, அரசின் பட்டம் பெற்றவர், அரசைப் பற்றி இப்படி எழுதலாமா என்பது அவர்கள் வாதம். 1918-ல் மணி ஐயர் தம் பட்டங்களைத் துறந்தார். தாகூர் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 'சர்' பட்டத்தைத் துறந்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்; அது 1919. அதற்கு முந்தைய ஆண்டே சென்னையில் ஒரு தமிழர் அதைச் செய்திருக்கிறார். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். நீதிபதியாக இருந்தபோது அவர் எழுதிய தீர்ப்புகளுக்காகத்தான் பட்டம் என்றால், பதவியை விட்டுப் பத்தாண்டு கழித்து எழுதிய கடிதத்தால் அந்தத் தீர்ப்புகள் கெட்டுவிடுமா? பட்டம் கொடுத்தவர்கள் அவரது சட்டப் புலமையை மதித்திருக்கலாம். கூடவே விசுவாசத்தையும் எதிர்பார்த்தார்கள் என்பது 1918-ல்தான் வெளியில் தெரிந்தது. காரணம் எழுதப்படாத பரிசில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கொடுத்தவர் பின்னால் வந்து தமக்கு வேண்டிய காரணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் அறிந்தவர்கள்தான் நம் அரசமைப்பை எழுதினார்கள். படை, கல்வி சார்ந்த சிறப்புகள் தவிர எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்று 18ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. 1977-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவற்றை நிறுத்தியது. 1980-ல் திரும்பவும் வந்தன. இவையும் பட்டங்கள்தானே என்று பாலாஜி ராகவன் தொடுத்த வழக்கில், 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விருது வேறு, பட்டம் வேறு. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை கட்டுக்குள் இருக்க வேண்டும். தேர்வுக்கு உயர்நிலைக் குழு வேண்டும் என்றார்கள். நீதிபதி குல்தீப் சிங் தனியாக எழுதிய தீர்ப்பில், தகுதி பார்க்காமல் அள்ளி வழங்குவதைக் கடுமையாகவே கண்டித்தார். இந்த நீதிபதியின் பெயரை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வருவார்.

பத்ம விருதுகளில் சட்டத்துக்கென்று தனித் துறை கிடையாது. 'பொது விவகாரம்' என்ற தலைப்பின் கீழ் அரசியலும் சட்டமும் சேர்ந்தே வருகின்றன. அமைச்சராக இருந்தவரும் அவருடைய ஆணையை ரத்து செய்த நீதிபதியும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். குடியரசு நாளுக்கு முந்தைய மாலையில் வெளியாகும் பட்டியலில் பெயர், துறை, மாநிலம் இருக்கும். விழா நாளில் வாழ்க்கைக் குறிப்புகள் கொண்ட சிறு நூலும் உண்டு. ஆனால் எந்தத் தீர்ப்புக்காக, எந்த வழக்கில் செய்த எந்தத் தொண்டுக்காக இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற காரணம் பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. இத்தனைக்கும் பரிந்துரைக்கிறவர் 800 சொற்களுக்குள் காரணம் எழுதித்தர வேண்டும் என்பது விதி. உள்ளே போகிற காரணம் வெளியே வருவதில்லை.

எம்.சி. செதல்வாட் இந்தியாவின் முதல் அட்டர்னி ஜெனரல். 1950 முதல் 1963 வரை பதவியில் இருந்தார். அந்தப் பதவியில் இருக்கும்போதே, 1957-ல், பத்ம விபூஷண் பெற்றார். அவர் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம்தான் 1958-ல் தன் 14ஆம் அறிக்கையில், ஓய்வுபெற்ற நீதிபதிகள் அரசு தரும் பதவிகளை நாடுவது நல்லதல்ல என்று எச்சரித்தது. செதல்வாட்டின் நேர்மையை யாரும் சந்தேகிக்க முடியாது. நான் அவரைக் குறை சொல்லவும் இல்லை. பதவிக்குப் பொருந்துகிற எச்சரிக்கை விருதுக்கும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன். அரசமைப்பு அவையில் கே.டி. ஷா, நீதிபதிகளுக்கு ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் அரசுக்குப் பெரிய அக்கறை இருப்பதில்லை என்று சொல்லி அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1949-ல் அது சரியாக இருந்திருக்கலாம். இன்று இந்த நாட்டின் மிகப் பெரிய வழக்காளியே அரசுதான். அண்ணல் இன்று இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஓய்வுக்கும் விருதுக்கும் நடுவே காலம் கடந்தால், விருது கைம்மாறோ என்ற சந்தேகம் தானே விலகும். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1989 அக்டோபரில் பொறுப்பேற்றார். நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது 2024-ல். 2023 நவம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். இவ்வளவு தாமதமும் வேண்டியதில்லை. நெசவாளிக்குக் கூலி, சேலையைக் கொடுத்த கையோடு கிடைக்க வேண்டும். நீதிபதிக்கு விருது, நாற்காலியை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து, ஆனால் அவர் கண்ணால் காணும்படி கிடைக்க வேண்டும்.

நம் மாநில அரசின் விருதுகளில் எனக்கு மன நிறைவு தந்த ஒன்றைச் சொல்கிறேன். சமூக நீதிக்காகப் பாடுபடுகிறவர்களுக்குத் தந்தை பெரியார் விருது 1995 முதல் வழங்கப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் பெயரிலும் ஒரு விருது உண்டு. 2022-ல் இவற்றின் தொகை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2021ஆம் ஆண்டுக்கான அம்பேத்கர் விருது நீதிபதி கே. சந்துருவுக்குக் கிடைத்தது. அவர் 2013 மார்ச்சில் ஓய்வுபெற்றவர். நடுவில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். பிரிவு உபசார விழா வேண்டாம் என்று சொல்லி, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு, மின்சார ரயிலில் வீடு திரும்பியவர். பதவியில் நுழையும்போதும் விடும்போதும் சொத்துக் கணக்கு கொடுத்தவர். ஏறத்தாழ 96,000 வழக்குகளை முடித்தவர். வழக்கறிஞராக இருந்தபோது, 1993-ல், காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட முதனை கிராமத்து ராசாக்கண்ணுவின் மனைவிக்காகக் கட்டணம் வாங்காமல் உயர் நீதிமன்றத்தில் நின்றவர். 'ஜெய் பீம்' படத்தால் பின்னாளில் இது வீட்டுக்கு வீடு தெரிந்தது. இவருக்கு ஏன் அம்பேத்கர் பெயரில் விருது என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை. 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' என்று புத்தகமே எழுதியிருக்கிறார். காரணம் ஊருக்கே தெரிந்திருந்ததால் அரசு எழுதாத குறை இங்கே தெரியவில்லை.

ஆனால் அந்த வழக்கில் நீதி கிடைக்க முதல் காரணம் யார்? கணவனைத் தேடிக் கூலிக்காரப் பெண் ஒருவர் படி படியாக ஏறி இறங்கியதுதான். மிரட்டலுக்கும் பணத்துக்கும் அவர் பின்வாங்கியிருந்தால் எந்த வழக்கறிஞராலும் எதுவும் செய்திருக்க முடியாது. நீதிக்குத் தொண்டு என்றால் கறுப்பு அங்கி போட்டவர்கள் மட்டும் செய்வது என்று நாம் நினைத்துவிடுகிறோம். மனுதாரர் இல்லாமல் தீர்ப்பு இல்லை.

மனுதாரரின் வலிமைக்கு நம் நாகப்பட்டினக் கடற்கரை சாட்சி. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு தலித் கூலித் தொழிலாளர்களை எரித்துக் கொன்ற கொடுமைக்குப் பிறகு கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கத் தம் வாழ்நாளைக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்து வயலும் குடிநீரும் உப்பாகத் தொடங்கியதும், ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும். எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். விருதுகளை அள்ளி வீசாதீர்கள் என்று சொன்ன அதே நீதிபதி, கடற்கரை மக்களுக்காக இதை எழுதினார்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 1989-ல் பத்மஸ்ரீ, 2020-ல் பத்ம பூஷண். துறை: சமூகப் பணி. மனம் மகிழ்கிறது. ஆனால் இடையில் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, கடற்கரை மண்டலத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. தம்பதியர் பெற்றுத்தந்த தீர்ப்பின் முதுகெலும்பு அதோடு போயிற்று. ஒரு கையால் தீர்ப்பை நீக்கிய அரசு, இன்னொரு கையால் விருது தந்தது. விருதுக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று இருந்திருந்தால், 1996 தீர்ப்பைக் குறிப்பிடாமல் எழுத முடியுமா? குறிப்பிட்டால், அந்தத் தீர்ப்பு இப்போது எங்கே என்ற கேள்வி அதே மேடையில் எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்றுதான் நான் காரணத்தைக் கேட்கிறேன்.

இனி நம் ஊர்க் கதை. கோர்வை வைத்து நெய்யும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பல காலம் அது குழந்தையின் கையாக இருந்தது. பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளி வயதுப் பிள்ளை தறிக்குழியில் உட்கார்ந்தது. 2003-ல் வெளியான ஒரு பன்னாட்டு மனித உரிமை அறிக்கை, கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரத்தையும் பெயர் சொல்லி இதைப் பதிவு செய்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் குழந்தைகள் தறியில் இருந்தார்கள். பின்னர் அவர்கள் பள்ளிக்குப் போனது யாரால்? வீடு வீடாகப் போய்ப் பேசிய ஆசிரியர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், ஆய்வுக்கு வந்த தொழிலாளர் துறை அலுவலர்கள், 'என் பிள்ளை படிக்கட்டும், கடனை நான் நெய்து கழிக்கிறேன்' என்று முடிவெடுத்த நெசவாளிகள். நேர்த்தியாக நெய்கிறவருக்குத் தேசிய விருது இருக்கிறது, சந்த் கபீர் விருது இருக்கிறது. தறியிலிருந்து ஒரு குழந்தையை எழுப்பி அனுப்பியவருக்கு எந்த விருதும் இல்லை.

இதே மாவட்டத்தில், 2019 ஜூலையில், மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். அப்போது பக்கத்து மாவட்டமாக இருந்த வேலூரையும் சேர்த்து 42 பேர். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை அன்று பத்திரிகைகளில் பார்த்து நான் தூங்கவில்லை. கொத்தடிமை என்று உறுதிசெய்து விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திடுகிற கோட்டாட்சியர், அந்த ஒரு தாளால் ஒரு குடும்பத்தின் தலைமுறைக் கடனை அழிக்கிறார். இதைவிடப் பெரிய சட்டத் தொண்டு எது? ஆனால் மருத்துவர், அறிவியலாளர் தவிர்த்த அரசு ஊழியர்கள் பத்ம விருதுக்குத் தகுதியற்றவர்கள். விதியின் நோக்கம் புரிகிறது. அரசு தன் ஆட்களுக்கே விருது கொடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நோக்கம் நல்லது. ஆனால் அதனால் இத்தகைய அலுவலர்களின் பணி எங்கும் எழுதப்படாமலே போவது நல்லதில்லை. மாநில அரசாவது, பெயரும் வழக்கும் குறித்து, இவர்களுக்கு ஒரு சான்று தர வேண்டும்.

காரணம் எழுதுவது புதிய பழக்கம் என்று யாராவது சொன்னால் பருத்திக்குன்றத்தையே சான்றாகக் காட்டுங்கள். ஆறாம் நூற்றாண்டில் பல்லவன் சிம்மவர்மன், சிம்மவிஷ்ணுவின் தந்தை, இவ்வூர் வச்சிரநந்தி குரவருக்கு அமண்சேர்க்கை என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்குரிய கொடையாக, கொடுத்தான். பள்ளன்கோயில் செப்பேடு அதைச் சொல்கிறது. யாருக்கு, எந்தக் கோட்டத்தில், எந்த நாட்டில், நான்கு எல்லை எவை, எந்த வரிகள் நீங்கின என்று பதிவு. அக்காலத்தில் கொடை என்றால் நாட்டார் முன்னிலையில் எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலை எழுதிக் கொடுப்பார்கள். எட்டு நூற்றாண்டு கழித்து, விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் இக்கோயிலின் சங்கீத மண்டபத்தைக் கட்டியபோதும், தம் குரு புட்பசேனர் சொல்லிக் கட்டினேன் என்று வெட்டிவைத்தார். மேல்விதானத்து ஓவியங்களுக்குக் கீழேகூட, இது இன்ன காட்சி என்று எழுத்து இருக்கிறது. முடியாட்சியில் கொடுத்தவன் காரணத்தோடு கொடுத்தான். குடியாட்சியில் நாம் பெயர்ப்பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இங்கிருந்து தெற்கே உத்திரமேரூர் இருக்கிறது. சோழன் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. விருதுக் குழுவுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். நடப்பு வழக்கில் அரசுக்காக வாதாடுகிறவர் அக்குழுவில் இருக்கக் கூடாது. பதவியில் இருக்கும் நீதிபதி, அரசு வழக்கறிஞர் யாருக்கும் விருது கூடாது. ஓய்வுக்குப் பின் குறைந்தது ஐந்தாண்டு போகட்டும். அந்த ஐந்தாண்டில் அரசு கொடுத்த வேறு பதவியை ஏற்றிருந்தால் அதிலிருந்து விலகிய நாள் முதல் கணக்கு தொடங்கட்டும். சட்டத்துக்கு அரசியலிலிருந்து பிரித்துத் தனித் துறை வேண்டும். அதில் மனுதாரருக்கும், கட்டணமின்றி வாதாடும் சட்ட உதவி வழக்கறிஞருக்கும், சாட்சிக் கூண்டில் பிறழாமல் நின்றவருக்கும் இடம் வேண்டும். பிறழாத சாட்சி இந்த நாட்டில் எவ்வளவு அரிது என்பது இங்கிருக்கும் வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

இத்தனையும் நடக்க நாளாகலாம். காரணம் எழுதுவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். விருது ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், தமிழில், இந்த வழக்கு, இந்த ஆண்டு, இந்தப் பணி என்று எழுதி அரசிதழில் வெளியிட வேண்டும். பெற்றவர் பின்னால் அரசை எதிர்த்துப் பேசினாலும் அந்தக் காரணம் அழியாது. மணி ஐயருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

அரசு தானாகச் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். தமிழக அரசின் பெரியார், அம்பேத்கர் விருதுகள் பொங்கலை ஒட்டி, திருவள்ளுவர் நாளில் வழங்கப்படுகின்றன. அடுத்த முறை பெயர் அறிவிக்கப்பட்டதும், தேர்வுக் குறிப்பின் நகலைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். நம் ஊரில் குழந்தைகளைத் தறியிலிருந்து எழுப்பியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதிப் பரிந்துரை அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமானால், இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர்களைக் கேளுங்கள். நானும் எழுதித் தருகிறேன்.